கடைசி பெஞ்சுக்குப் போகும் வழி

மேட்டுக்கல்பாளையம் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சு ஆவணி பிறந்த வாரத்தில் விலக ஆரம்பித்தது. முதல்நாள் ஒரு சாண் தள்ளியிருந்தது, கூட்டுகிற சிந்தாமணி அதை இழுத்துச் சரியாகப் போட்டாள், மறுநாள் ஒரு முழம் தள்ளியிருந்தது, அதையும் இழுத்துப் போட்டாள், அதற்கு மறுநாள் இழுத்துப் பார்த்து அது வராது என்று தெரிந்ததும், அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். அதன்பிறகு யாரும் அதைத் தடுக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடத்தில் ஒரு மாற்றமும் கிடையாது, பழைய தறிக் கொட்டகைக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் எழுதிய அதே ஓட்டுக் கட்டடம், அதே சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் அதே சாக்கடை. உள்ளே மட்டும் கடைசி பெஞ்சு ஆவணி முடிவதற்குள் மைதானத்தின் நீளத்தைத் தாண்டிவிட்டது, புரட்டாசியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது, பிறகு அப்படிப் பார்த்தும் தெரியவில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கோபிகா. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத் தேர்வு மதிப்பெண் வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்க வேண்டும், வகுப்பாசிரியரும் கணக்கு வாத்தியாருமான தங்கராசு சார் ராங்க் வரிசையில் பெயரைக் கூப்பிடுவார், கூப்பிட்ட வரிசையில் உள்ளே போய் உட்கார வேண்டும். பார்த்து எழுதக் கூடாது என்று பெஞ்சுக்கு ஒருத்திதான், ஒன்றன்பின் ஒன்றாக, முதல் ராங்க் கரும்பலகைக்கு நேர் எதிரே, கடைசி ராங்க் கடைசியில். கோபிகா போன வருஷமெல்லாம் முதல் ராங்க் வர்ஷினிக்கு அடுத்த பெஞ்சில் இருந்தவள். இந்த வருஷம் ஒவ்வொரு தேர்வுக்கும் நழுவி நழுவிக் கடைசிக்கு வந்திருந்தாள். சோம்பேறித்தனம் என்றார்கள், செல்போன் என்றார்கள், பருவம் என்றார்கள், அவளிடம் கேட்கவில்லை.

பெஞ்சு விலகியதை ஊர் நன்றாகவே ஏற்றுக்கொண்டது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "நல்லா காத்தோட்டமா வெச்சிருக்கறாங்க" என்று சந்தோஷப்பட்டார்கள். பள்ளித் தாளாளர் வந்து பார்த்துவிட்டு, இடையில் இருக்கிற காலி இடத்தில் இன்னொரு பிரிவு ஆரம்பித்தால் கட்டடச் செலவு மிச்சம் என்றார். ஆய்வுக்கு வந்த அதிகாரி போதிய இடவசதி உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர் அது, அடுப்படியில் இருப்பவளோடு பேசவே ஊர்ச்சாட்டுத் தண்டோரா மாதிரிக் கத்த வேண்டியிருக்கும், ஆகவே ஒரு பிள்ளை சொல்வது காதில் விழவில்லை என்பது அங்கே யாருக்கும் புதுசாகத் தோன்றவில்லை.

சிக்கல் வருகைப் பதிவில்தான் வந்தது. ராங்க் வரிசையில் பெயர் கூப்பிட்டு வந்து கடைசியில் "கோபிகா" என்பார் தங்கராசு சார். "உள்ளேன் ஐயா" என்று அவள் சொல்வது கரும்பலகை வரை வந்து சேர முதலில் ஒரு மூச்சு நேரம் ஆனது, பிறகு பலகையைத் துடைத்து முடிக்கும் நேரம், பிறகு ஒரு கணக்கைப் போட்டு முடிக்கும் நேரம். தங்கராசு சார் கெட்டிக்காரர். அவள் பெயரை எல்லோருக்கும் முன்னால் கூப்பிட ஆரம்பித்தார், மற்றவர்களைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. அதற்கும் நேரம் போதாமல் போனபோது முதல்நாள் சாயங்கால மணிக்கே கூப்பிட்டு வைத்தார், மறுநாள் காலையில் பதில் தயாராக வந்து நின்றது. அதுவும் போதாமல் போனபிறகு அவர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டார். தினமும் கூப்பிட்டார், தினமும் ஏதோ ஒரு பதில் வந்தது. "கூப்புட்டன், பதில் வந்துச்சு, டிக் போட்டன். இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார், மற்ற ஆசிரியர்கள் அவருடைய சாமர்த்தியத்தை மெச்சினார்கள்.

கனகமணி டீச்சர் அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊத வாய்ப்பு வராது, ஏனென்றால் அவளுடைய பீரியடை எல்லாம் கணக்கும் இயற்பியலும் பங்கு போட்டுக்கொண்டன. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் மனநலத்துக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, சும்மா இருப்பவர் யார் என்று தேடி அவளை அரைநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காற்றுப்போன பந்துகளும் துருப்பிடித்த குண்டும் கிடந்த விளையாட்டுச் சாமான் அறையில் 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று எழுதிய பலகையை மாட்டி, இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாற்காலியில் கனகமணி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் யாரும் வந்து உட்காரவில்லை.

உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒன்றும் புதிதல்ல. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மா போன பிறகு ஒரு தறிக்காரர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். வாரநாளெல்லாம் கீழே தறி ஓடித் தரை அதிரும், அந்த அதிர்வே ஒரு துணை. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றுவிடும். அன்றைக்கு அவள் துணி துவைப்பாள், தலைக்குக் குளிப்பாள், சமைப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள், பேச யார் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் பால்காரரிடம் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். அந்தக் கரகரப்பு அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

கார்த்திகை கடைசியில் ஒருநாள், அந்த வாரத்துப் பி.டி. பீரியடையாவது கேட்டு வாங்கலாம் என்று அவள் வகுப்பு வாசலில் நின்றபோது வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. "கோபிகா" என்றார் தங்கராசு சார். தொலைவிலிருந்து, சளி கட்டி மூக்கடைத்த குரலில், "உள்ளேன் ஐயா" என்று வந்தது. சார் டிக் போட்டார். கனகமணி அங்கேயே நின்றுவிட்டாள். ஐப்பசி மழையில் பள்ளி முழுக்கச் சளிக்காய்ச்சல் பரவி, விளையாட்டு விழாவே நின்றுபோனது அவளுக்கு மறக்குமா, வருஷத்துக்கு ஒருநாள் விசில் ஊதுகிற நாள் அதுதானே. அந்தச் சளி எல்லோருக்கும் விட்டு ஒரு மாதம் ஆகிறது. அப்படியானால் இப்போது வந்தது ஒரு மாதத்துக்கு முந்தைய பதில், இன்றைக்கு அந்தப் பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்பது இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

தலைமையாசிரியையிடம் ஓடினாள்.

"ஏனுங் டீச்சர், பதில்தான் வருதுல்லங்க?" என்றார் எச்.எம். அம்மா.

"வர்றது பழைய பதிலுங்கம்மா. புள்ளைய கண்ணால பாத்தவங்க யாரு?"

"பழசோ புதுசோ, வருதில்ல? ஆலோசகர்னா நீங்க ரூம்ல உக்காந்திருக்கோணும், புள்ளைங்கதான் தேடி வரோணும். நாம தேடிப் போனா அது வெசாரணை ஆயிருமுங்க."

சாயங்காலம் கோபிகாவின் அம்மாவைத் தேடிப் போனாள். அமுதா ராத்திரி ஷிப்டுக்குத் தறியேறிய நேரம், புருஷன் சூரத்துக்குத் தறி ஓட்டப் போய் வருஷம் இரண்டாகிறது. கொட்டகைக்குள் காது அடைக்கும் சத்தம், ரகசியமாகக் கேட்க வேண்டியதையெல்லாம் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"கோபிகா வீட்டுக்கு வர்றாளாங்க?"

"வராம எங்கீங்க போவா? நான் ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள கெளம்பிப் போயிருவா. பெஞ்சு தொலைவாமுங்க, வெடியறதுக்கு முன்ன கெளம்போணுமாம்!"

"சாப்புடறாளா?"

"வெச்ச சோறு தீருதுங்களே!"

"யாரு தின்னு தீருது?"

அமுதாவின் கை தானாகப் போய்த் தறியை நிறுத்தியது. மற்ற தறிகளின் சத்தத்துக்கு நடுவே அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது, கனகமணி காதை அருகே கொண்டுபோனாள். "நேத்து நாந்தானுங்க தின்னேன்," என்றாள் அமுதா. "முந்தாநேத்தும் நாந்தான்."

அழுது முடிக்க அவளுக்கு நேரமில்லை. வீட்டுக்கு ஓடிச் சோறு வடித்து, தட்டப்பயறுக் குழம்பு வைத்துத் தூக்குப்போசியில் கட்டினாள். நானும் வருவேன் என்று நின்றவளை, திரும்பி வருகிறபோது வாசலில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கனகமணி நிறுத்தினாள். மறுநாள் காலை மணி அடித்ததும் போசியோடு அவள் வகுப்புக்குள் நுழைந்தாள்.

"டீச்சர், பப்ளிக் எக்ஸாம் வர்ற நேரமுங்க," என்றார் தங்கராசு சார். "நடுவால குறுக்க போகாதீங்க, புள்ளைங்களுக்கு கவனம் செதறும்."

"செதறட்டுங்க சார்," என்றாள் கனகமணி. இத்தனை வருஷ வேலையில் ஒருவரையும் எதிர்த்துப் பேசாதவள், தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்க, நடக்கத் தொடங்கினாள்.

முதல் பெஞ்சைக் கடந்தாள், வர்ஷினி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த பெஞ்சுகளைக் கடந்தாள், சிந்தாமணியின் விளக்குமாறு நின்ற கோட்டையும் கடந்தாள், அதற்கப்பால் ஆவணியிலிருந்து கூட்டாத தூசி. சாரின் குரல் முதுகில் கொஞ்சதூரம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நின்றது. ஜன்னல்கள் தீர்ந்தன, மின்விசிறிகள் தீர்ந்தன, காலையில் புறப்பட்டவளுக்கு வெயில் மட்டும் பள்ளி விடுகிற நேரத்து மஞ்சள் வெயிலாக மாறி அப்படியே நின்றுவிட்டது, எவ்வளவு நடந்தும் அது சாயவில்லை. சிவப்புத் தரை, தரைக்கு மேல் தூசி, தூசியில் ஒரு சின்னச் செருப்பின் தடம், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள், நடந்தாள், கால் ஓய்ந்தபோது போசியைக் கைமாற்றிக்கொண்டு நடந்தாள்.

வழியில் எதிரே குரல்கள் வந்தன. முதலில் வந்தது சளிக்குரல், "உள்ளேன் ஐயா" என்று அவள் தோளருகே முனகிக்கொண்டு வகுப்பை நோக்கிப் போனது, நாளைக்கோ நாளை மறுநாளோ போய்ச் சேரும். கொஞ்சதூரத்தில் அடுத்த நாளுடையது வந்தது, சளி கொஞ்சம் விட்டிருந்தது. அடுத்தது வந்தது, சளி தெளிந்திருந்தது. ஒவ்வொரு குரலையும் நின்று, கேட்டு, கடக்க விட்டு நடந்தாள் கனகமணி, பிள்ளை அன்றைக்கு இருந்திருக்கிறாள், அதற்கு அடுத்த நாளும் இருந்திருக்கிறாள், ஆண்டவனே, இன்னொன்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். சளி தெளிந்த குரல்களுக்குப் பிறகு வேறொரு கரகரப்பு வரத் தொடங்கியது. அது என்ன கரகரப்பு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் தொண்டையில் கேட்பதுதான். பிறகு வந்தவை சொல்லாகவே இல்லை, பாதிச் சொல், கால் சொல், கடைசியாக வந்ததில் வெறும் மூச்சு.

அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

எதிரே ஒன்றுமே வராத அந்த வழியில்தான் கனகமணி ஓடத் தொடங்கினாள். போசியில் குழம்பு தளும்பிச் சேலையில் கொட்டியது, விசில் நெஞ்சில் இடித்தது, ஊதலாம் என்று எடுத்தாள், ஊதினால் சத்தம் போய்ச் சேர எத்தனை நாளாகுமோ என்று விட்டுவிட்டாள். ஓட முடியாமல் ஆனபோது நடந்தாள், நடக்க முடியாமல் ஆனபோது அழுதுகொண்டே நடந்தாள். பெஞ்சு தெரிந்தது. பெஞ்சில் தலை சாய்த்து, கையைத் தொங்கவிட்டு, ஒரு பிள்ளை கிடந்தது. போசியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் அதன் தோளைத் தொட்டாள். சூடு இருந்தது.

கோபிகா கண்ணைத் திறந்தாள். யாரென்று தெரிந்துகொள்ளக் கொஞ்சநேரம் பிடித்தது. "மிஸ்," என்றாள், "பி.டி. பீரியடா?"

"ஆமா கண்ணு," என்றாள் கனகமணி. மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, சோற்றைப் பிசைந்து கையில் உருண்டை வைத்தாள். அம்மாவின் குழம்பு என்று பிள்ளைக்கு நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது, மென்றுகொண்டே அழுதாள்.

"போயிட்டுப் போயிட்டு வந்தேனுங்க மிஸ். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள திரும்ப கெளம்பற நேரம் ஆயிருது. அதான் போறதில்லன்னு இருந்துட்டேன்."

"என்னாச்சு கண்ணு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலைங்க மிஸ். அதான் சொல்லத் தெரியல. ஏதாச்சும் ஆகியிருந்தா சொல்லியிருப்பேன். காலைல எந்திரிச்சா மேலெல்லாம் ஈரச்சாக்கு போட்டு மூடுன மாதிரி இருக்கும். புக்கைத் தொறந்தா எழுத்து எழுத்தா இருக்கும், படிக்க வராது. மார்க் கொறைஞ்சுது, பெஞ்சு மாறுனேன், அப்புறம் அது நவுந்துச்சு."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"பேரு கூப்புட்டாங்க, உள்ளேன்னு சொன்னேன். வேற யாரும் வேற எதும் கேக்கலைங்களே மிஸ்."

கனகமணி இன்னொரு உருண்டை பிடித்து அவள் கையில் வைத்தாள்.

"சொல்ற வரைக்கும் டிக் போட்டுட்டேதான் இருப்பாங்க," என்றாள் கோபிகா. "சொல்லாம இருந்தா யாராச்சும் வருவாங்களான்னு பாத்தேன். அப்புறம் வராட்டியும் பரவால்லன்னு ஆயிருச்சு."

அவள் சொல்லாமல் விட்டது இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது, அது போய்ச் சேர்ந்து யாராவது கவனித்துப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கனகமணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பயிற்சியில் கொடுத்த தாளில் நம்பிக்கையூட்டும் சொற்கள் என்று நிறைய அச்சடித்திருந்தார்கள், ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதனால் தன் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத் தகுந்த விஷயம் என்று நினைத்ததுமில்லை. துவைத்த துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், பால்காரரிடம் குரல் கரகரப்பதையும் சொன்னாள். கோபிகா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"போலாமா?" என்றாள் கனகமணி.

"இப்ப முடியாதுங்க மிஸ்."

"சரி, முடியறப்ப போலாம்." இரண்டு பேருக்கும் அந்தப் பெஞ்சு போதவில்லை, ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.

கொஞ்சம் கழித்துக் கோபிகா, "அங்க பாருங்க மிஸ்," என்றாள். வந்த வழியைக் கனகமணி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தொலைவிலிருந்தும் வகுப்பு முழுவதும் துல்லியமாகத் தெரிந்தது. கரும்பலகைப் பக்கமிருந்து பார்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கிற பெஞ்சுகள் இங்கிருந்து அப்படி இல்லை. ஒவ்வொரு பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் நடுவே ஒரு பொட்டல்காடு கிடந்தது. ஒவ்வொரு பொட்டலின் நடுவிலும் ஒரு பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அந்தப்பக்கம், எல்லோரையும்விடத் தனியாக, வர்ஷினி இருந்தாள்.

"எல்லாருந்தானுங்க மிஸ்," என்றாள் கோபிகா. "எனக்கு மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது."

அவர்கள் எப்போது எழுந்தார்கள், எத்தனை இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. வாசலில் அமுதா நின்றிருந்தாள், தறிக்குப் போகவில்லை. மகளின் கன்னத்தைத் தடவி, "எளைச்சுட்டியே சாமி" என்றாள். ஈரோட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள், அவர் அவசரப்படாமல் கேட்டு, மாத்திரை எழுதி, வாராவாரம் வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார். காற்றுக் கருப்பு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மறுபடி வகுப்புக்கு வந்தபோது கோபிகா கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தாள், அங்கே இருந்தவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே நகர்ந்து இடம் கொடுத்தாள். தொலைவில் போன பெஞ்சு தொலைவிலேயே இருந்தது.

வருகைப் பதிவில் இப்போது வேறொரு தொல்லை. சார் பெயரைக் கூப்பிட்டதும் கோபிகா பதில் சொல்வாள், கூடவே பழைய பதிலும் வந்து சேரும். "ஒரு பேருக்கு ரெண்டு உள்ளேனா? அலுவலகத்துல கேட்டா நான் என்ன சொல்றது?" என்று எரிச்சல்பட்டார் தங்கராசு சார். யோசித்துப் பார்த்து, நாள் தவறாமல் வருவது பழையதுதான், அதுவே கணக்கு, நீ சும்மா இரு என்று கோபிகாவிடம் சொல்லிவிட்டார். அவள் சும்மா இருந்தாள். சளிக்குரல் தெளிந்தது, தெளிந்த குரல் கரகரத்தது, பாதிச் சொல்லானது, மூச்சானது. சார் எல்லாவற்றுக்கும் டிக் போட்டார்.

தை பிறந்து சில நாளில் அது வந்து சேர்ந்தது. கனகமணி தினமும் காலையில் வகுப்பு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள், வரப்போவது என்னவென்று அவளுக்கும் கோபிகாவுக்கும் மட்டும் தெரியும். "கோபிகா" என்றார் சார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போது அந்த அமைதி உள்ளே வந்தது, கூட்டாத தூசி மேல் நடந்து, பெஞ்சு பெஞ்சாகக் கடந்து, கரும்பலகை வரை வந்து நின்றது. சுவருக்கு வெளியே ஓடிய தறிகளின் சத்தம்கூடக் கேட்கவில்லை. சுண்ணக்கட்டியைப் பிடித்த கையோடு சார் அப்படியே நின்றார், அவருக்கு முகம் வெளுத்தது, அவர் வீட்டிலும் பேசாமல் சாப்பிட்டு எழுகிற ஒரு மகன் இருந்தான். பிள்ளைகள் யாரும் எழுதவில்லை. அந்த அமைதியை அங்கே இருந்த ஒவ்வொருத்தியும் தன்னுடையது என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது.

கோபிகா எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பெஞ்சுகளின் ஓரமாக முன்னால் நடக்கத் தொடங்கினாள். வாசலில் நின்று பார்ப்பவருக்கு அது நாலு எட்டில் போகிற இடம், ஆனால் அவள் நடந்து நடந்து, வழியில் ஒவ்வொரு பெஞ்சருகிலும் நின்று மூச்சு வாங்கி, மறுபடி நடந்து, முதல் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் சாப்பிட எழவுமில்லை. அவள் வர்ஷினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வர்ஷினி திரும்பவில்லை. மூடிய புத்தகத்தின் மேல் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நேரமாடி," என்றாள், "வர்றதுக்கு?"